லண்டனில் பழைய நாடகங்கள்: சென்னைக்குத் திரும்பிய மாணவியிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2024 செப்டம்பரில் நீர்வளப் பொறியியலில் முதுகலை படிக்க லண்டன் போனேன். ஓராண்டு கழித்து மேற்கு மாம்பலத்துக்குத் திரும்பி வந்தேன். படிப்பைப் பற்றி இதுவரை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்பதெல்லாம் நான் அங்கே பார்த்த நாடகங்களைப் பற்றித்தான். அடுத்த ஆண்டு போகவிருக்கும் கல்லூரித் தம்பி தங்கைகள், அத்தைகள், பழைய தமிழாசிரியை என்று எல்லாருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டதால் மொத்தமாக எழுதிவிடுகிறேன். கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை வைத்திருக்கிறேன். சிலவற்றில் கிண்டல் இருக்கிறது; அதையும் எடுக்கவில்லை.

தண்ணீரைப் பற்றிப் படிக்கப் போனவளுக்கு நாடகக் கொட்டகையில் என்ன வேலை?

இது பெரியப்பா கேட்டது. பதில்: குளிர். அக்டோபர் கடைசியில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள். அதற்கப்புறம் மாலை நாலரைக்கே இருட்டு. என் அறையில் கட்டிலைத் தாண்டினால் ஜன்னல். இரண்டு வாரம் அந்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் உடன் படித்த பெண் ஒருத்தி, தோழி வரவில்லை என்று மீந்துபோன டிக்கெட்டை என்னிடம் நீட்டினாள். தேம்ஸ் தென்கரையில் இருக்கும் தேசிய நாடக அரங்கில் ஷேக்ஸ்பியரின் கோரியோலேனஸ். 1970களில் திறந்த அந்தக் கட்டடம் முழுக்கப் பூசாத கான்கிரீட். பலருக்கு அதைக் கண்டாலே பிடிக்காது. எனக்கு நம் ஊர் நீரேற்று நிலையம் ஒன்றைப் பார்த்ததுபோல் இருந்தது, உடனே ஒட்டிக்கொண்டது.

கதை இதுதான். கோரியோலேனஸ் ரோமானியத் தளபதி. போரில் புலி. ஆனால் பதவிக்காகச் சாதாரண மக்களிடம் போய் ஆதரவு கேட்க அவனுக்கு நாக்கு வளையாது. ஓட்டுக் கேட்கப் போன இடத்தில் ஓட்டுப் போடுகிறவர்களையே திட்டிவிட்டு, ஊரை விட்டுத் துரத்தப்படுகிறான். கோபத்தில் பகைவரோடு சேர்ந்து சொந்த ஊரை அழிக்க வருகிறான். தடுக்க வருபவள் தாய். பெற்றவள் மகன் முன்னால் மண்டியிடுகிறாள். அவன் இளகிவிடுகிறான். இளகியதால் சாகிறான்.

அந்த இடத்தில் எனக்குக் குந்தி வந்துவிட்டாள். பிள்ளையின் உயிரை வாங்கப்போகிறோம் என்று தெரிந்தே வரம் கேட்டு நிற்கும் தாய், தெரிந்தே கொடுக்கும் கர்ணன். சின்ன வயதில் பாட்டி மடியில் கேட்ட கதை ரோமானிய உடை உடுத்திக்கொண்டு எதிரே நின்றது. பக்கத்து இருக்கைக்காரப் பெண்மணி ஒன்றும் பேசாமல் ஒரு காகிதக் கைக்குட்டையை என் மடியில் வைத்தார். அடுத்த நாளே அடுத்த டிக்கெட் வாங்கினேன்.

நானூறு வருடத்துக்கு முந்தைய ஆங்கிலம் புரிந்ததா? உண்மையைச் சொல்லவும்.

முதல் கால் மணி நேரம் புரியவில்லை. ஒவ்வொரு முறையும் புரியவில்லை. முதல் நாடகத்தில் பயந்துபோய், எனக்கு ஆங்கிலமே தெரியாதோ என்று நினைத்தேன். பிறகுதான் கவனித்தேன், அந்த ஊர்க்காரர்களும் முதல் கால் மணி நேரம் புருவத்தைச் சுருக்கிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார்கள். காது பழக வேண்டும். கச்சேரியில் முதல் வர்ணம் முடியும்வரை மனது வீட்டுச் சாவியைத் தேடிக்கொண்டிருக்குமே, அதுபோலத்தான்.

செய்யுள் வடிவ வசனம் நமக்குப் புதிதும் அல்ல. கம்பராமாயணப் பாடல் ஒன்றை நல்ல குரலில் யாராவது சொல்லக் கேட்டால், பதம் பிரிக்கத் தெரியாதவருக்கும் பாதி பொருள் வந்து சேர்கிறது அல்லவா? மீதிப் பாதியை நடிகரின் கையும் கண்ணும் கொடுத்துவிடும். வசனம் எழுத்தாகத் திரையில் ஓடும் காட்சிகளும் சில நாட்கள் உண்டு. காது கேளாதவர்களுக்காக வைத்தது. வெட்கப்படாமல் அந்த நாளுக்கு டிக்கெட் வாங்குங்கள்.

கதையை முன்கூட்டியே படித்துவிட்டுப் போனால் சுவை கெட்டுவிடாதா?

இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவையும் எழுத உட்கார்ந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் பாட்டி புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்துக்காரர். கோயில் திருவிழாவில் வள்ளி திருமணம் நாடகத்தை எத்தனை முறை பார்த்தார் என்று அவருக்கே கணக்கில்லை. நான் லண்டனிலிருந்து தொலைபேசியில், "கதை தெரியாமல் போய் உட்காரலாம் என்றிருக்கிறேன் பாட்டி, அப்போதுதான் சுவாரசியம்" என்றேன். அவர் சிரித்துவிட்டார். "வள்ளி கடைசியில் முருகனைத்தான் கட்டிக்கொள்வாள் என்று தெரியாமலா விடிய விடிய உட்கார்ந்திருந்தோம்?"

தினைப்புனத்தில் வள்ளிக்கும் நாரதருக்கும் தர்க்கம் நடக்கும். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிவைத்த பாட்டும் வசனமும் ஒரு பக்கம். அன்று மேடையேறிய இருவரின் படிப்பும் வாய்ச் சாமர்த்தியமும் ஒரு பக்கம். போன வருட நாரதர் மடக்கிய இடத்தில் இந்த வருட வள்ளி என்ன பதில் வைத்திருக்கிறாள்? ஊர் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தது அதற்காக. தோடியை ஆயிரம் முறை கேட்டவர்தான் ஆயிரத்தோராவது முறைக்கு முன்வரிசையில் இடம்பிடிக்கிறார்.

இதை வைத்துக்கொண்டு பழங்காலக் கிரேக்கர் சோபக்ளிஸ் எழுதிய ஈடிபஸ் பார்க்கப் போனேன். முந்தைய அரசனைக் கொன்றவனைக் கண்டுபிடித்தே தீருவேன் என்று சபதம் செய்யும் அரசன், கொன்றது தானே, செத்தது தன் தகப்பன், மணந்திருப்பது தன் தாயை என்று அறிந்துகொள்ளும் கதை. விண்டம்ஸ் அரங்கில் இயக்குநர் ராபர்ட் ஐக் அதை இன்றைய தேர்தல் இரவாக மாற்றி அமைத்திருந்தார். மார்க் ஸ்ட்ராங் வெற்றிக்குக் காத்திருக்கும் வேட்பாளர். லெஸ்லி மேன்வில் அவர் மனைவி. மேடையில் ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடிக்கொண்டே இருந்தது. வாக்கு எண்ணிக்கை முடிவதற்கான கடிகாரம் என்று மேடையில் இருந்தவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். எதற்கான கடிகாரம் என்று எங்களுக்குத் தெரியும். குடும்பம் உட்கார்ந்து சாப்பிடுகிறது, கேலி பேசுகிறது, கணவன் மனைவி கொஞ்சிக்கொள்கிறார்கள். நான் நாற்காலிக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். கதை தெரியாமல் வந்திருந்தால் அந்தச் சாப்பாட்டுக் காட்சி வெறும் சாப்பாட்டுக் காட்சியாகப் போயிருக்கும்.

சில வாரங்களில் ஓல்ட் விக் அரங்கில் இன்னொரு ஈடிபஸ். ஒரே குளிர்காலத்தில் ஒரே ஊரில் இரண்டு! கிரேக்க நாடகத்தில் ஊர் மக்களாக நின்று சேர்ந்து பாடும் குழு ஒன்று உண்டு. அங்கே அந்தக் குழுவினர் பாடுவதற்குப் பதில் ஆடினார்கள். மூல நாடகத்தில் ஊரைக் கொள்ளைநோய் வாட்டும், இதில் வறட்சி. மழைக்காக ஏங்கும் கூட்டம் தரையை உதைத்து ஆடியபோது, 2019 கோடையில் ஏரிகள் வற்றி, குடத்தோடு லாரிக்காக எங்கள் தெருவே காத்து நின்றது நினைவுக்கு வந்தது. என் துறைக்காரர்கள் யாரும் அந்த அரங்கில் இருந்தார்களா தெரியவில்லை. இருந்திருக்க வேண்டும்.

அப்படியென்றால் அகதா கிறிஸ்டியின் 'மவுஸ்டிராப்' பார்க்கவே இல்லையா?

பார்த்தேன். 1952 நவம்பரில் லண்டனில் தொடங்கி, கொரோனாக் காலத்தில் நின்றது போக, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. கொலை செய்தது யார் என்பதை வெளியே சொல்லிவிடாதீர்கள் என்று பார்வையாளர்களைக் கடைசியில் கேட்டுக்கொள்கிறார்கள். அந்த நாடகத்தின் முதலே அந்த ரகசியம்தான். நன்றாகத்தான் இருந்தது. இரண்டாம் முறை போகத் தோன்றவில்லை. கொலைகாரன் யாரென்று இங்கே எழுத மாட்டேன். அத்தைக்கு மட்டும் போனில் சொல்லிவிட்டேன், நச்சரிப்புத் தாங்காமல்.

இதற்கெல்லாம் ஏது பணம்?

ஒரு பவுண்டு நூற்றுப் பத்து ரூபாயைத் தாண்டியிருந்த நேரம். முதல் மாதம் முழுக்க ஒவ்வொரு விலையையும் மனதுக்குள் பெருக்கிப் பெருக்கியே பட்டினி கிடந்தேன். பெருக்குவதை நிறுத்தினால்தான் அங்கே வாழ முடியும். ஆனால் வழி இருக்கிறது. தேசிய நாடக அரங்கில் 16 முதல் 25 வயது வரை உள்ளவர்களுக்கு 10 பவுண்டு டிக்கெட் திட்டம் உண்டு. வயது இருக்கும்போதே பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஷேக்ஸ்பியர் காலத்து அரங்கைப் போலவே திரும்பக் கட்டிய குளோப் அரங்கில் நின்று பார்க்கும் டிக்கெட் 5 பவுண்டிலிருந்து கிடைத்தது. மற்ற அரங்குகளில் விற்காத இடங்களை அன்று காலையில் மலிவாகக் கைபேசிச் செயலியில் விடுவார்கள். சரியாகப் பத்து மணிக்கு விரல் தயாராக இருக்க வேண்டும். தட்கல் எடுத்துப் பழகியவர்களுக்கு இதில் பயிற்சி தேவையில்லை.

பழைய அரங்குகளில் 'பார்வை மறைக்கும் இருக்கை' என்று சொல்லியே குறைந்த விலைக்கு விற்பார்கள். முன்னால் ஒரு இரும்புத் தூண் இருக்கும். கல்யாண மண்டபத்தில் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து தாலி கட்டுவதைப் பார்த்த அனுபவம் நமக்கு இருக்கிறது. கழுத்தை எந்தப் பக்கம் நீட்டுவது என்று தெரியும். தொலைக்காட்சிப் பிரபலம் ஒருவர் நடித்தார் என்பதற்காக ஒரு முறை மட்டும் பெருந்தொகை கொடுத்தேன். நாடகத்தின் பெயரைச் சொல்லவில்லை. பாதியில் என் மனது அந்தப் பணத்தில் எத்தனை கிலோ பொன்னி அரிசி வாங்கலாம் என்று கணக்குப் போடத் தொடங்கிவிட்டது. பெருக்கல் திரும்ப வந்துவிட்டால் நாடகம் தோற்றுவிட்டது என்று பொருள்.

குளோப் அரங்கில் மூன்று மணி நேரம் நின்றுகொண்டே பார்த்தீர்களாமே, கால் வலிக்கவில்லையா?

வலித்தது. தரையில் உட்காரக் கூடாது. குடை விரிக்கக் கூடாது. முற்றத்துக்கு மேல் கூரை கிடையாது. மழை வந்தால் நாடகம் நிற்காது, நீங்கள்தான் நனைய வேண்டும். 2025 ஜூனில் நான் போன அன்று இடைவேளைக்கு முன்னால் பிடித்துக்கொண்டது. எழுநூறு பேர் வரை நிற்கும் முற்றம் அது. எல்லாரும் ஒரே நேரத்தில் நெகிழி மழையங்கியை எடுத்து மாட்டிய சரசரப்பில் ரோமியோவின் இரண்டு வரி போய்விட்டது. அவர் நிறுத்தி, வானத்தைப் பார்த்து, கூட்டத்தைப் பார்த்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். கைதட்டல் அள்ளியது. நம் ஊர்க் கூத்தில் கட்டியங்காரன் செய்கிற வேலை.

இந்த அரங்கின் கதையே ஒரு நாடகம். ஷேக்ஸ்பியரின் குழு 1599இல் கட்டியது முதல் குளோப். ஊரின் வடக்கே இருந்த பழைய கொட்டகையைப் பிரித்து, அந்த மரங்களையே ஆற்றுக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்து நிறுத்தினார்கள். 1613 ஜூன் 29 அன்று எட்டாம் ஹென்றி நாடகத்தில், அரசர் வருகைக்காகச் சின்னப் பீரங்கி வெடித்தார்கள். பொறி கூரைக் கீற்றில் பட்டு அரங்கம் முழுதும் எரிந்தது. ஒருவருடைய கால்சட்டையில் தீப்பிடித்து, அவர் சமயோசிதமாகப் பீரை ஊற்றி அணைத்துக்கொண்டதாக அக்காலக் கடிதம் ஒன்று சொல்கிறது. திரும்பக் கட்டினார்கள், 1642இல் நாடகங்களுக்கே தடை வந்து மூடினார்கள். சாம் வனமேக்கர் என்ற அமெரிக்க நடிகர் லண்டன் வந்து தேடியபோது அந்த இடத்தில் மிஞ்சியிருந்தது ஒரு பெயர்ப்பலகை. பல பத்தாண்டுகள் பணம் திரட்டி, பழைய இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் அதைத் திரும்ப எழுப்ப வைத்தார். 1997இல் திறந்தபோது பார்க்க அவர் இல்லை; 1993இலேயே இறந்துவிட்டார். 1666 பெருந்தீக்குப் பிறகு லண்டனில் அனுமதிக்கப்பட்ட முதல் கீற்றுக்கூரை அது. தீ வந்தால் தண்ணீர் பீய்ச்சக் கூரைமேல் குழாய்கள் பதித்திருக்கிறார்கள். கடைசியில் என் துறைக்கும் அங்கே ஒரு வேடம் கிடைத்திருக்கிறது.

அன்று பார்த்த ரோமியோ ஜூலியட்டை அமெரிக்கக் கவ்பாய் ஊரில் நடப்பதாக அமைத்திருந்தார்கள். நடிகர்கள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முற்றத்தின் வழியே மேடையேறுவார்கள். ஒரு தொப்பி என் தோளில் இடித்தது. முடிவில் காதலர் இருவரும் செத்துக் கிடக்கிறார்கள். பக்கத்தில் ஒரு பள்ளிச் சிறுமி விம்முகிறாள். ஒரு நிமிடம் கழித்துச் செத்தவர்கள் எழுந்து, கொன்றவர்களோடு கைகோத்து ஆடத் தொடங்கினார்கள்! துயர நாடகமானாலும் ஆட்டத்தோடு முடிப்பது அந்த அரங்கின் பழைய வழக்கம். இதென்ன கூத்து என்று உடன் வந்த வடநாட்டு நண்பன் முகம் சுளித்தான். எனக்கு விளங்கியது. எவ்வளவு சோகமாகப் பாடினாலும் கடைசியில் மங்களம் பாடாமல் எழுந்திருக்கலாமா?

மெழுகுவத்தி வெளிச்சத்தில் நாடகம் என்று படம் போட்டிருந்தீர்களே?

குளோப் வளாகத்துக்குள்ளேயே இன்னொரு சின்ன அரங்கு, 2014இல் திறந்தது. வனமேக்கர் பெயரையே வைத்திருக்கிறார்கள். முந்நூற்றைம்பது பேருக்குள்தான் உட்காரலாம். சாய்மானம் இல்லாத பலகைகள். தேன்மெழுகில் செய்த வத்திகள்தான் வெளிச்சம். தொங்கும் சரவிளக்குகளைக் கயிற்றில் இறக்கிக் கொளுத்தி மேலே ஏற்றுவார்கள். ஒரு காட்சியில் ஒன்றிரண்டைத் தவிர எல்லாவற்றையும் அணைத்துவிட்டார்கள். தூங்கும் பெண்ணின் அறைக்குள் பெட்டியிலிருந்து ஒருவன் எழுந்து வருகிறான். அவன் கையில் இருக்கும் ஒற்றைச் சுடர் எதைக் காட்டுகிறதோ அதை மட்டும்தான் நாம் பார்க்கலாம். தீவட்டி வெளிச்சத்தில் துச்சாதனன் முகம் பாதி தெரிந்து பாதி மறையும் பயத்தைப் பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன், முதல்முறையாகப் பட்டேன்.

நாடகம் ஷேக்ஸ்பியரின் சிம்பலின். மூலத்தில் சிம்பலின் ஓர் அரசன், இங்கே அரசியாக மாற்றியிருந்தார்கள். நம்மவர்களுக்குத் தெரிந்த கதைதான்: பம்மல் சம்பந்த முதலியார் இதைச் சிம்ஹளநாதன் என்று தமிழாக்கினார்.

நம் பழைய நாடகத்தில் இப்படிக் கவ்பாய்த் தொப்பி மாட்டினால் விடுவார்களா?

நூறு வருடத்துக்கு முன்னால் நாம் செய்ததைவிட அவர்கள் ஒன்றும் அதிகமாகச் செய்துவிடவில்லை. சம்பந்த முதலியார் சென்னையில் 1891இல் சுகுண விலாச சபையைத் தொடங்கியவர். பகலில் வழக்கறிஞர், பிறகு நீதிபதி, மாலையில் நாடகம். தொண்ணூறுக்கு மேல் எழுதினார். ஷேக்ஸ்பியரைத் தமிழுக்குக் கொண்டுவந்தபோது ஆட்களை மட்டும் அல்ல, ஒலியையும் குடியேற்றினார். ஹாம்லெட் அமலாதித்யன் ஆனான். மேக்பெத் மகபதி ஆனான். வெனிஸ் நகரம் வாணீபுரம் ஆயிற்று. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், அந்த மனிதர் எவ்வளவு ரசித்துச் செய்திருப்பார் என்று தெரியும்.

பெண் வேடத்துக்கு ஆண்கள் என்பதிலும் அவர்களும் நாமும் ஒன்று. ஷேக்ஸ்பியர் காலத்து ஜூலியட் ஒரு பையன். நம் சபைகளிலும் பாய்ஸ் கம்பெனிகளிலும் ஸ்திரீபார்ட் என்று தனிப் புகழே உண்டு. இதை அங்கே வகுப்புத் தோழர்களிடம் சொன்னபோது, உங்களுக்கும் நாடக மரபு இருக்கிறதா என்று கேட்டார்கள். கோபம் வந்தது. அறைக்குப் போய் யோசித்தபோது கோபம் என் பக்கமே திரும்பியது. அமலாதித்யனை நான் மேடையில் பார்த்திருக்கிறேனா என்ன?

சிவாஜி நடித்த ஒத்தெல்லோ மாதிரி இருந்ததா?

மாமா, 1963இல் வந்த ரத்தத் திலகம் படத்தில் சிவாஜியும் சாவித்திரியும் நடித்த அந்தக் காட்சியை நானும் யூடியூபில் பார்த்திருக்கிறேன். லண்டனில் நான் இருந்த காலத்தில் ஷேக்ஸ்பியரின் ஒத்தெல்லோ எனக்குக் கிடைக்கவில்லை. பார்த்தவரை, அங்கே இப்போது பெரிய வசனங்களைத் தாழ்ந்த குரலில் பேசுவதுதான் நடைமுறை. எனக்குச் சில சமயம் ஏமாற்றமாக இருந்தது. இடி இடிக்க வேண்டிய இடத்தில் இடிக்கத்தானே வேண்டும்?

அங்கத்திய ரசிகர்கள் எப்படி? கேண்டீன் உண்டா?

கேண்டீன் இல்லை. இடைவேளையில் ஆளுக்கொரு சின்ன டப்பா ஐஸ்கிரீம், மரக்கரண்டியோடு. வெளியே நாலு டிகிரி குளிர், உள்ளே எல்லாரும் ஐஸ்கிரீம். டிசம்பரில் சபா கேண்டீனில் வாழைப்பூ வடையை மென்றுகொண்டே பாடகரின் சுருதியைக் குறை சொன்ன குடும்பத்திலிருந்து வந்தவளுக்கு அந்தப் பதினைந்து நிமிடம் வனவாசம்.

குறித்த நேரத்தில் தொடங்கிவிடுவார்கள். தாமதமாக வந்தால் வெளியே காத்திருக்க வேண்டியதுதான். மாம்பலம் நேரம் செல்லாது. ரசிப்பார்கள், ஆனால் சத்தமில்லாமல். பாதியில் 'பலே' கிடையாது. நம் நாடக மேடையில் கிட்டப்பா பாடிய காலத்தில் ஒன்ஸ்மோர் கேட்டுக் கேட்டே நாடகம் விடிந்துவிடும் என்பார்கள். அங்கே மூன்று இடங்களில் எனக்கு ஒன்ஸ்மோர் தொண்டைவரை வந்து திரும்பிப் போயிற்று. எல்லாவற்றையும் கடைசிக்குச் சேர்த்துவைத்து, நாடகம் எப்படி இருந்தாலும் எழுந்து நின்று தட்டுகிறார்கள். நான் உட்கார்ந்தே தட்டிய நாட்களும் உண்டு. முன்னால் நிற்பவர்களின் முதுகுதான் தெரியும், பரவாயில்லை.

ஒரு விதிவிலக்கு: தேசிய அரங்கில் ஆஸ்கார் வைல்டின் 'எர்னஸ்ட்'. குழந்தையாக இருந்தபோது ரயில் நிலையத்தில் ஒரு கைப்பைக்குள் கண்டெடுக்கப்பட்டவன் நான் என்று மாப்பிள்ளை சொல்கிறான். பெண்ணின் தாய் லேடி பிராக்னல், "கைப்பையா?" என்று கேட்க வேண்டும். ஒற்றைச் சொல். 1895இலிருந்து எத்தனையோ பேர் சொன்ன சொல். அதற்கு முந்தைய வரியிலேயே அரங்கம் மூச்சைப் பிடித்தது. ஷாரன் டி கிளார்க் அதை எப்படிச் சொல்லப்போகிறார்? அவர் அவசரப்படவே இல்லை. அந்த இரண்டு விநாடி, புதுக்கோட்டைத் திருவிழாவில் பாட்டி உட்கார்ந்திருந்த பாயில் நானும் உட்கார்ந்திருந்தேன்.

என் மானம் போன கதையையும் சொல்லிவிடுகிறேன். பகல் காட்சி ஒன்றில், எந்த அரங்கு என்று கேட்காதீர்கள், மேடையில் சாவு வீட்டு மௌனம். அங்கே மதியம் மூன்றென்றால் இங்கே இரவு எட்டரை. அம்மா சாப்பிட்டு முடித்துக் கூப்பிடும் நேரம். கைபேசியை அணைத்ததாகத்தான் நினைத்தேன். கந்த சஷ்டி கவசம் ஒலித்தது. ஐந்நூறு தலைகள் திரும்பின.

படிப்பு?

தேறிவிட்டேன்.

முதல்முறை போகிறவர் எதில் தொடங்கலாம்?

கோடைக்காலம் என்றால் குளோபில் நின்று பாருங்கள். ஷேக்ஸ்பியரின் நகைச்சுவை நாடகம் ஏதாவது. கால் வலித்தால் முற்றத்தின் ஓரச் சுவரில் சாய்ந்துகொள்ளலாம், அந்த இடத்துக்குச் சீக்கிரம் போக வேண்டும். மழையங்கி எடுத்துக்கொள்ளுங்கள். கதையைப் படித்துவிட்டுப் போங்கள். புடைவை கட்டிக்கொண்டு போகலாமா என்று ஒரு தங்கை கேட்டாள். போகலாம், நீங்கள் என்ன உடுத்தியிருக்கிறீர்கள் என்று அங்கே ஒருவரும் பார்ப்பதில்லை.

லண்டன் புகழ் போதும். சென்னையில் ஒன்றுமே இல்லையா?

இருக்கிறது. எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் 1896இல் திறந்த நாடக அரங்கு இருக்கிறது. குளோபைப் பார்த்த பிறகு அதன் அரைவட்ட இருக்கைகளைப் பார்த்தால் வேறு மாதிரித் தெரிகிறது. 1955இலிருந்து மெட்ராஸ் பிளேயர்ஸ் ஆங்கில நாடகம் போடுகிறார்கள். ந. முத்துசாமி 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறை இருக்கிறது. செய்யாறு பக்கம் புரிசைக்குப் போனால் தெருக்கூத்தை விடிய விடியப் பார்க்கலாம்.

என் குறை வேறு. கேள்வியை நான் கேட்கிறேன்: மனோன்மணீயம் பார்த்தவர் எத்தனை பேர்?

'நீராருங் கடலுடுத்த' என்று தொடங்கும் தமிழ்த்தாய் வாழ்த்து எங்கிருந்து வந்தது? பெ. சுந்தரம் பிள்ளை 1891இல் வெளியிட்ட அந்த நாடகத்தின் பாயிரத்திலிருந்து. 1970இலிருந்து அரசு விழாக்களில் பாடுகிறோம்; 2021 டிசம்பரில் மாநிலப் பாடலாக அறிவித்தார்கள். பள்ளியில் பன்னிரண்டு வருடம் தினமும் காலையில் வெயிலில் நின்று நான் பாடியது ஒரு நாடகத்தின் கடவுள் வாழ்த்தை. பாடி முடித்ததும் நாடகம் தொடங்க வேண்டும். நாங்கள் கணக்கு வகுப்புக்குப் போனோம்.

அது படிக்க எழுதிய நாடகம், நடிக்க எழுதியது அல்ல என்பார்கள். என் தமிழாசிரியையும் சொன்னார். இருக்கட்டும். மதுரையை விட்டு நெல்லைக் கோட்டைக்கு வந்து உட்கார்ந்துகொண்ட அப்பாவி அரசன் சீவகன். அவனைத் தேனாகப் பேசியே கவிழ்க்கும் அமைச்சன் குடிலன். முன்பின் பார்க்காத சேர அரசனைக் கனவில் கண்டு மெலியும் மகள் மனோன்மணி. யாருக்கும் தெரியாமல் முனிவர் தோண்டும் சுரங்கம். பிடிக்காத கல்யாணம் நடக்கவிருக்கும் நள்ளிரவில் அந்தச் சுரங்கத்தின் வழியே வந்து நிற்கும் கனவு மாப்பிள்ளை. இதில் நடிக்க என்ன இல்லை? லிட்டன் பிரபு என்ற ஆங்கிலேயர் எழுதிய கதைப்பாட்டு ஒன்றைத் தழுவியது என்று ஆசிரியரே மறைக்காமல் சொன்னார். அங்கிருந்து வாங்கி இங்கே நட்டதை அங்கே போய்த்தான் எனக்கு நினைக்கத் தோன்றியது என்பது கொஞ்சம் வெட்கம்தான்.

ஆசிரியப்பாவில் பேசினால் இன்றைக்கு யாருக்குப் புரியும் என்கிறார் பெரியப்பா. முதல் கால் மணி நேரம் புரியாது பெரியப்பா. அதற்கப்புறம் புரியும்.

ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் என்னவோ சத்தம் போட்டுப் படிக்கிறீர்களாமே, நாங்களும் வரலாமா?

கீழ்வீட்டு அக்கா கேட்டது. தாராளமாக வரலாம். அது நடிப்பு அல்ல. ஆளுக்கு ஒரு பாத்திரம், கையில் புத்தகம், உரக்க வாசிப்பு. ஆறு பேர் இருக்கிறோம். முதல் அங்கம் முடித்துவிட்டோம், நான்கு ஞாயிறு பிடித்தது. குடிலனாக வாசிக்க மூன்று பேர் முட்டிக்கொள்கிறார்கள். உண்மை பேசும் நாராயணனாக வாசிக்க ஆளே கிடைக்கவில்லை, தற்சமயம் பாட்டிதான் வாசிக்கிறார். கண்ணாடி இல்லாமல் ஒரு வரி விட்டுவிட்டால் அவராகவே ஒன்றைப் போட்டு இட்டு நிரப்பிவிடுகிறார். வள்ளி திருமணப் பழக்கம். போன வாரம் அவர் போட்ட வரி புத்தகத்தில் இருந்ததைவிட நன்றாக இருந்தது என்று குடிலன் ஒருவர் ஒன்ஸ்மோர் கேட்டார். மாலை ஐந்தரைக்குத் தொடங்குவோம். உட்காரப் பாய் நீங்கள்தான் கொண்டுவர வேண்டும்.